இருபது வாசல் போர்வை: ஒன்பதாம் நம்பர் வீடு

பஞ்சாலையின் போர்வையில் இன்னும் ஒரே ஓர் இடம் காலியாகக் கிடந்தது. ஒன்பதாம் நம்பர் வீடு.

ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு அது யார் வீடு, ஏன் அங்கே மட்டும் அவள் கால் போகவில்லை என்பதெல்லாம் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்கள் முகத்தைச் சுளிக்கக் கூடாது இல்லையா, அவர்களுக்காக இரண்டு வார்த்தை.

லாபு பக்கம் செலாசி ரப்பர்த் தோட்டத்தில், எழுபது வருஷத்துக்கு முன்னால், பஞ்சாலையின் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து போய்விட்டன. நான்காவது தங்கியபோது அந்த அம்மாள் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் அத்தனையிலும் ஏறி இறங்கி, முந்தானையை ஏந்தி மடிப்பிச்சை கேட்டாள். அரிசி இல்லை, காசு இல்லை. வீட்டுக்காரி உடுத்திப் பழசான துணியில் ஒரு துண்டு, அதுவும் அவள் கையாலேயே கிழித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வை தைத்தாள். இது ஒரு வீட்டுப் பிள்ளை இல்லை, இருபது வீட்டுப் பிள்ளை, இதைக் கொண்டுபோக எது வந்தாலும் இருபது வாசலுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அர்த்தம். பிள்ளை பிழைத்தது. அவர்தான் பஞ்சாலையின் அண்ணன் முருகையா. அறுபத்தெட்டு வயசாகியும் பழைய ஆட்களுக்கு அவர் இன்னும் 'பிச்சை'தான்.

அந்தப் போர்வையை விரித்துப் போட்டால் லயமே தெரியும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு காவிப் பட்டை, அது செம்மண் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, ஆறு விரல் அகலத்தில் முழ நீளத் துண்டுகள். அவை வீடுகள். ஒவ்வொரு துண்டிலும் ரோட்டைப் பார்த்த முனையில் சிவப்பில் சின்னச் சதுரம் ஒன்று, அது வாசல். தலைமாட்டில் மஞ்சளில் மாரியம்மன் கோயில். கால்மாட்டில் நீலத்தில் தண்ணீர்க் குழாய்.

இப்போது அது இற்றுப் போய்விட்டது. மடித்தால் மடித்த இடத்தில் விடுகிறது. தவிரவும், ஒருத்திக்குக் கேட்ட பிச்சை இன்னொருத்தி வயிற்றுக்கு ஆகாது. அதனால் பஞ்சாலை அதை மேஜைமேல் விரித்து, அளவெடுத்து, அதே மாதிரி புதிதாக ஒன்று தைத்துக் கொண்டிருந்தாள். செனாவாங்கில் கார் சீட்டு உறை தைக்கும் கம்பெனியில் பதினேழு வருஷமாக மெஷின் மிதிக்கிறவள். இதை மட்டும் ஊசி பிடித்துக் கையாலேயே நூலோட்டினாள்.

யாருக்கு? மகள் நிவேதிதாவுக்கு. இரண்டு தடவை தங்கி இரண்டு தடவையும் கலைந்து போனது. ஒன்று நாலாம் மாசம், ஒன்று ஆறாம் மாசம். இது மூன்றாவது, ஏழாம் மாசம் நடக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு வளைகாப்பு. அதற்குள் போர்வையில் ஒரு வாசல்கூட விட்டுப் போகக் கூடாது. விட்ட இடம் வழியாகக் காத்து கருப்பு உள்ளே வந்துவிடும் என்று செத்துப்போன அம்மா சொன்னது பஞ்சாலையின் காதிலேயே குடியிருந்தது.

லயம் காலியாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒன்றைத் தவிர மற்ற குடும்பமெல்லாம் நாலா பக்கமும் சிதறிப் போயின. அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க மூன்று மாசம் ஆனது. போர்டிக்சனில் ஒருத்தி விலைச்சீட்டு தொங்குகிற புதுத் துவாலையைத் தூக்கிக் கொடுத்தாள். பழசு கொடுத்தால் மரியாதையாக இருக்காதாம். "உடுத்தினதுதான் வேணும்மா" என்று கெஞ்சி, அவள் கழுவிப் போட்டிருந்த நைட்டியில் ஒரு கிழிசல் வாங்கி வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இன்னொரு வீட்டில் புருஷனுடைய எலெக்‌ஷன் சட்டைதான் கிடைத்தது. பரவாயில்லை என்று சின்னத்தை மட்டும் கத்தரித்துவிட்டு அதையும் சேர்த்துக்கொண்டாள். இப்படிப் பதினெட்டு வீடு. கட்டிக்கொண்ட பிறகு அதே லயத்தில் தான் குடியிருந்த வீட்டுக்குத் தன் சேலை.

மிச்சம் ஒன்பதாம் நம்பர். பஞ்சாலை பிறந்த வீடு. முருகையா அண்ணனும் புஷ்பவள்ளி அண்ணியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

காலை ஒன்பது மணிக்கு மகள் போன் செய்தாள்.

"ஒம்போது கெடச்சிருச்சாம்மா?"

"இன்னிக்குப் போறேன்டி."

"மாமி குடுக்க மாட்டாங்கம்மா. அவங்க பையன் முகுந்தன் சாவுக்கு நாந்தானே காரணம். அவங்க வயிறெரிஞ்சதுதான் எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

சிரம்பானில் பேங்கில் வேலை பார்க்கிற பெண் பேசுகிற பேச்சா இது? டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார், சீட்டில் எழுதியும் கொடுத்தார். அவள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டு நாளாகச் சோறும் இறங்கவில்லை என்று மாப்பிள்ளை சசிதரன் தனியாக மெசேஜ் போட்டிருந்தான்.

வளைகாப்புச் சாமான்களையெல்லாம் அனுப்பிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பஞ்சாலை ஊசியைப் போர்வையில் குத்தி, மடித்துப் பைக்குள் வைத்தாள். மகன் தேவனிடம் கார் சாவியைக் கொடுத்துக் காடியை எடுக்கச் சொன்னாள்.

லாபு ரோடு வந்ததும் தேவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். முகுந்தனும் அவனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாகப் பந்து விளையாடி வளர்ந்தவர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால், நிவேதிதாவுக்கும் சசிதரனுக்கும் நிச்சயமான ஆறாம் நாள், இதே ரோட்டில்தான் முகுந்தனின் மோட்டர் சைக்கிள் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றிப்போன லாரியில் போய் மோதியது. போலீஸ் விபத்து என்று எழுதியது. புஷ்பவள்ளி அண்ணி ஊரறிய யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

முருகையாவின் மகன் முகுந்தன், நிவேதிதாவுக்கு முறைமாப்பிள்ளை. சின்ன வயசிலேயே முடிவாகிவிட்ட பேச்சு அது. அவனுக்கு அவள் என்றால் உயிர், அவளுக்கும் அப்படித்தான். பிறகு ஏன் கலைந்தது?

பஞ்சாலை கலைத்தாள். வேறு யாரும் இல்லை.

முகுந்தன் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தான். நல்ல பிள்ளை, குடி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் மகள் அவனைக் கட்டிக்கொண்டால் அதே ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குத்தான் போவாள். தான் எந்த லயத்தில் இருந்து ரப்பர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாளோ அதே லயத்தில் மகளும் போய் விழுவதா என்று பஞ்சாலைக்கு நெஞ்சு கொதித்தது. அந்த நேரம் பார்த்துச் சசிதரன் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். நிரந்தர வேலை, செனாவாங்கில் வீடு. ஒரு நாள் அடுப்படியில் மகளை உட்கார வைத்துச் சொன்னாள்: முகுந்தனுக்கு நீலாயில் ஒரு பேக்டரிப் பெண்ணோடு குடும்பமே இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று. துணி காயப்போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நிவேதிதா அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டு, உன் நீலாய்க் குடும்பத்தைக் கண்ணால் பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள், இனிமேல் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று கத்தினாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

இந்தப் பாவத்தைப் பஞ்சாலை யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் முனியாண்டியிடம்கூட இல்லை. சாவு வீட்டில் அண்ணி, நீதானே கலைச்ச என்று நேருக்கு நேர் கேட்டபோதும், எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணி என்று தலையிலடித்து அழுதாள். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

இருபது வீட்டில் பாதி இடிந்து கிடந்தது. செம்மண் ரோட்டில் புல் மண்டியிருந்தது. தேவன் கோயில் பக்கத்திலேயே காடியை நிறுத்திவிட்டு, நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் வரலே என்றான். அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. பஞ்சாலை வற்புறுத்தவில்லை.

முருகையா வாசலில்தான் நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு தரம் மலர்ந்தது, உடனே மனைவி பக்கம் திரும்பியது, அப்படியே சுருங்கிவிட்டது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

புஷ்பவள்ளி வீட்டு முன் திண்ணையான அஞ்சடியில் பலகை போட்டு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்து கொண்டிருந்தாள். பச்சைக் கைலி, வெள்ளை ரவிக்கை. தலை முழுக்க நரைத்துவிட்டது. எட்டு வருஷத்தில் இருபது வருஷம் கூடிப் போயிருந்தாள்.

"அண்ணி" என்றாள் பஞ்சாலை.

நெத்திலித் தலைகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன. வெயில் சுள்ளென்று அடித்தது. பஞ்சாலை முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினாள். பதினெட்டு வீட்டிலும் வெட்கமில்லாமல் ஏந்திய கைதான். இங்கே மட்டும் இடுப்புக்கு மேலே ஏறவில்லை.

"என்னா வேணும்?" நிமிராமலே கேட்டாள் புஷ்பவள்ளி.

"தெரியாத மாரி கேக்கறீங்களே அண்ணி."

"தெரியும். ஊரெல்லாம் கேட்டது எனக்கு வந்து சேராம இருக்குமா? ஒன் வாயால கேளு."

"எம் மக புள்ளைக்கு ஒரு துணி போடுங்க அண்ணி. மடியேந்தி நிக்கறேன்."

புஷ்பவள்ளி கையைக் கைலியில் துடைத்துக்கொண்டாள். முதல் முறையாக முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பஞ்சாலை தாங்கியிருப்பாள். அது ஏதோ விசாரிக்கிற பார்வையாக இருந்தது.

"நீலாயில ஒரு பொண்ணு இருந்தாளே, அவ பேரு என்னா பஞ்சாலை?"

பஞ்சாலை ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"போன்ல நிவேதிதா பேசுனத எம் மவன் எங்கிட்ட சொன்னான். அவங்க கண்ணால பாத்ததா யாரோ சொன்னாங்களாம். யாரு அந்த யாரோன்னு எனக்கு அப்பவே தெரியும். சரி, நீதான் பாத்தியே. அவ பேரச் சொல்லு. குடும்பம் நடத்துனான்னா ஒரு புள்ள கில்ல இருக்கும்ல? இருந்தா அது எனக்குப் பேரப்புள்ள. பேர மட்டும் சொல்லு, கிழிச்ச துணி என்னா, எங் கலியாணச் சேலையவே தூக்கிக் குடுக்கறேன்."

பஞ்சாலை ஏந்திய முந்தானையையே பார்த்தாள்.

"பொய்யின்னு தெரியும்" என்றாள் புஷ்பவள்ளி. குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சும் ஒரு நா பஸ்ஸேறி நீலாய்க்குப் போனேன். பேக்டரி வுடற நேரத்துல வாசல்ல நின்னேன். வர்ற பொண்ணு மூஞ்சியெல்லாம் பாத்தேன். ஒருத்தியாவது எம் மவன் பேரச் சொல்ல மாட்டாளான்னு. பைத்தியக்காரச்சி மாரி."

ஏந்திய முந்தானை கீழே நழுவியது.

"அப்படி யாரும் இல்ல அண்ணி" என்றாள் பஞ்சாலை. "நான்தான் சொன்னேன். எம் மக இங்க வந்துடக் கூடாதுன்னு சொன்னேன். அவன் இப்படிப் போவான்னு நெனைக்கல."

சொன்ன பிறகு அழுகை வந்தது. அதைப் பார்த்து அண்ணி இரங்கவும் இல்லை, ஏசவும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். பஞ்சாலை வாசலைத் தாண்டி வரச் சொல்லி ஒரு வார்த்தை வரும் என்று காத்தாள். வரவில்லை. தான் பிறந்த வீட்டின் படியில் வெயிலில் நின்றாள்.

திரும்பி வந்தவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"ரோட்டுல போன என் புள்ளயோட துணி ஒரு பெட்டி நெறய கெடக்கு. அது பொறக்கப்போற புள்ளைக்கு ஆகாது. உசுரோட இருக்கறவ துணிதான் வேணும் ஒனக்கு." குனிந்து, உடுத்தியிருந்த கைலியின் விளிம்பிலேயே கத்தரியை வைத்தாள். முழ நீளத்துக்கு வெட்டினாள். "நிவேதிதா எங் கையில வளந்த பொண்ணு. அதுக்கு நான் கெட்டது நெனைக்க மாட்டேன். இத எடுத்துக்க. ஆனா எங்கிட்ட சொன்னத அதுகிட்ட சொல்லு. எம் மவன் கெட்டவன்னு நெனச்சிக்கிட்டே அது ஒரு புள்ளயப் பெக்கக் கூடாது. வளையல் போடறதுக்கு முன்ன சொல்லணும்."

"நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே அண்ணி, இத்தன வருஷமா."

"நான் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு ஆயிடும். நீதான் சொல்லணும்."

"சொல்றேன் அண்ணி. சத்தியமா சொல்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம்லா" என்றாள் புஷ்பவள்ளி. பஞ்சாலை மறுபடி ஏந்திய முந்தானையில் பச்சைத் துண்டு விழுந்தது. அவள் மறுபடி பலகையில் உட்கார்ந்து நெத்திலியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

காடியில் ஏறியதும் பஞ்சாலை ஊசியில் நூலைக் கோத்தாள். தேவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"குடுத்துட்டாங்களா?"

"ம்."

"சும்மாவா குடுத்தாங்க? ஒண்ணும் கேக்கலயா?"

"ஒண்ணுங் கேக்கல. ரோட்டப் பாத்து ஓட்டு."

பாருங்கள், எத்தனை சுலபமாக வருகிறது அவளுக்கு! ஒரு பொய்யை ஒத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று. மகனிடம்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ. துண்டின் ஓரத்தை மடித்து, ஒன்பதாம் இடத்தில் வைத்து, நூலோட்டினாள். காடி குலுங்கியதில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். சிவப்பு வாசலையும் வைத்துத் தைத்தபோது செனாவாங் வந்துவிட்டது. துணியில் நெத்திலி வாசம் அடித்தது. மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி மூன்றரை. சசிதரன் வீட்டு முன்னால் கெனப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். முனியாண்டி பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கொண்டிருந்தார். தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையல் மேஜையில் பளபளத்தது. பஞ்சாலை யாரோடும் பேசவில்லை. நேரே மகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நிவேதிதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, ஆனால் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு கையும் குச்சியாகத் தெரிந்தன.

பஞ்சாலை போர்வையை அவள் மடியில் விரித்தாள். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி என்று தொடங்க வேண்டும். அவ்வளவுதான். முதல் வார்த்தை வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

நிவேதிதாவின் விரல் கோயிலைத் தொட்டது, ரோட்டு வழியாக இறங்கியது, ஒவ்வொரு வாசலாக எண்ணிக்கொண்டே போனது. ஒன்பதில் நின்றது.

"மாமியோட பழைய பச்சக் கைலிம்மா இது. நெத்திலி வாசம் அடிக்குது."

"ஆமாண்டி. நிவேதிதா, அம்மா ஒண்ணு சொல்லணும்..."

"கட்டியிருந்த கைலியில வெட்டிக் குடுத்தாங்களா?" அவள் அம்மா சொன்னதைக் கேட்கவே இல்லை. அந்தப் பச்சைத் துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அப்ப மாமி என்ன மன்னிச்சிட்டாங்களாம்மா? சொல்லுங்கம்மா. மன்னிச்சிட்டாங்களா?"

இதுதான் அந்த நேரம். இதைவிட நல்ல நேரம் ஆண்டவன் யாருக்கும் தர மாட்டான். நீ ஒரு தப்பும் பண்ணலடி, பண்ணினது நான் என்று சொன்னால் தீர்ந்தது. மகளின் எட்டு வருஷப் பாரம் அந்த நிமிஷமே இறங்கியிருக்கும். இறங்கி அம்மாவின் தலையில் ஏறியிருக்கும், அது வேறு விஷயம்.

பஞ்சாலைக்கு ஆயிரம் காரணம் வந்தது. ஏழு மாச வயிறு. சாப்பிடாத உடம்பு. இப்போது போய் இதைச் சொன்னால் என்ன ஆகுமோ. பிள்ளை பிறக்கட்டும், பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் அவள் பயந்தது வயிற்றுக்கு இல்லை. மகள் அந்தப் பச்சைத் துணியைக் கன்னத்தில் வைத்த மாதிரி தன்னை இனி ஒருநாளும் தொட மாட்டாள் என்பதற்குத்தான் பயந்தாள்.

"மன்னிச்சிட்டாங்கடி" என்றாள் பஞ்சாலை. "மனசார மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

நிவேதிதா அம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பசிக்குதும்மா, ஏதாவது இருக்கா என்று கேட்டாள். சசிதரனிடம் சொல்லித் தட்டு நிறையத் தயிர்ச்சோறு வந்தது. பஞ்சாலையே ஊட்டிவிட்டாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் மடமடவென்று சாப்பிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க, தான் செய்தது சரிதான் என்று பஞ்சாலைக்குத் தோன்றிவிட்டது.

ஐந்து மணிக்கு மகளை மனையில் உட்கார வைத்து, மடியில் போர்வையைப் போட்டார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். இது நம்ம வீடு, இது உங்க வீடு என்று தடவித் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்கள். போர்டிக்சன்காரி தன் நைட்டித் துண்டைக் கண்டுபிடித்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்பதாம் நம்பரை மட்டும் யாரும் தடவவில்லை. புஷ்பவள்ளி குடுத்தாளா என்று ஒருத்தி இன்னொருத்தி காதில் கேட்டாள். பஞ்சாலை காதில் விழாத மாதிரி வெற்றிலையை அடுக்கினாள்.

கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஒவ்வொருத்தியாக வளையல் போட்டார்கள். முழங்கை வரை ஏறியது. நிவேதிதா சிரித்தாள். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் அந்த முகத்தில் பார்த்ததில்லை. சசிதரன் கெனப்பிக் காலைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோட போன எடுங்க" என்று புருஷனிடம் கேட்டாள் நிவேதிதா. "மாமிக்கு ஒரு வார்த்த சொல்லணும்."

பஞ்சாலையின் கையிலிருந்த வெற்றிலை கலைந்தது. "இப்ப எதுக்குடி? சடங்கு நடக்கறப்ப போன் எதுக்கு? அப்புறம் பேசிக்கலாம்."

"வளையல் போட்டாச்சேம்மா. தாய்மாமன் வீட்டுலருந்துதான் யாரும் வரல. நானாவது கூப்புடறேன்."

அந்த நம்பரை அவள் எட்டு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரச் சந்தனம், காதில் வைக்க முடியாது. சசிதரன் ஸ்பீக்கரைப் போட்டுப் போர்வையின் மேல் வைத்தான். மணி அடித்தது. எடுக்கக் கூடாது, எடுக்கவே கூடாது என்று பஞ்சாலை தனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டாள்.

எடுத்துவிட்டாள் புஷ்பவள்ளி.

"மாமி, நான் நிவேதிதா பேசறேன்." பச்சைத் துண்டைத் தடவினாள். "துணி வந்திருச்சு மாமி. இப்ப என் மடியிலதான் இருக்கு. நீங்க என்ன மனசார மன்னிச்சிட்டதா அம்மா சொன்னாங்க. எனக்கு வேற ஒண்ணுமே வேணாம் மாமி."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கூவியது கேட்டது.

"நான் ஒன்ன எதுக்குடி மன்னிக்கணும்?" என்றது புஷ்பவள்ளியின் குரல், அத்தனை பேர் நடுவிலும். "நீ என்னா தப்பு பண்ண? ஒங்கம்மா ஒங்கிட்ட எதையுமே சொல்லலயா?"

முனியாண்டி கையில் நாற்காலியோடு அப்படியே நின்றார். தேவன் வாசலில் இருந்து ஓரடி உள்ளே வந்தான். நிவேதிதா தலையை உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் முழுசாக அம்மாவுக்குக் கொடுத்தாள் நிவேதிதா. பஞ்சாலை கலைந்த வெற்றிலையை மறுபடி அடுக்கினாள்.

நிவேதிதா போனைப் பார்த்துக் குனிந்தாள்.

"நீங்களே சொல்லுங்க மாமி" என்றாள். "நான் கேக்கறேன்."